வாள்மீனின் விழிச்சீட்டு

செத்த மீன் சாட்சி சொல்லும் என்று கண்டுபிடித்தவர்கள், அது யார் யாருக்கு எதிராகச் சொல்லும் என்று யோசித்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சீட்டு. வாள்மீன் எந்தக் கடலில் திரிந்தது, தடை போட்ட எல்லைக்குள் பிடித்ததா, வெளியே பிடித்ததா என்று ஆதாரம் காட்டாவிட்டால் வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டு கூட வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பிடித்தவன் சொல்வதை நம்ப முடியாது. மீனுக்குப் பொய் தெரியாது. ஆகவே மீனையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

அதற்கு விழிச்சீட்டு என்று பெயர். குமரிக் கடற்கரையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் மாடியில், குளிரூட்டிய அறையில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து அதைத் தயார் செய்தார்கள். நாலாம் மேசை எமரன்சியாவுடையது.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் சுகந்தி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள். கோயம்புத்தூர்ப் பெண். மீனை வகுப்பில் படித்தவள், அதற்கு முன் கடலையே இரண்டு முறைதான் பார்த்திருந்தாள்.

"வெங்காயம் உரிப்பீங்களாக்கா?"

"உரிக்காம எப்பிடி டாக்டர் கறி வைக்க?"

"மீன் கண்ணுக்குள்ள இருக்கற பளிங்குக் குண்டும் அப்படித்தானுங்க. நாளுக்கு ஒரு தோல் வளரும். வாள்மீன் பகலெல்லாம் அரைக் கிலோமீட்டர் ஆழத்துல, விறைச்சுப்போற குளிர்ல கெடக்கும். அந்தக் குளிர்லயும் பார்வை தெரியணும்னு கண்ணுக்குப் பக்கத்துல ஒரு அடுப்பு வெச்சிருக்குது. தசைதான். ஆனா அது அசையறதுக்கில்ல, சூடு பண்ண மட்டும். அந்தச் சூட்டுல வளர்ற தோல்ல அன்னன்னிக்குப் பட்ட வெளிச்சத்தோட தழும்பு நின்னுபோகுது. நாங்க தோல் தோலா உரிச்சுப் படிக்கறோம்."

"அது பாத்ததெல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியாது. வெளிச்சம் தெரியும், வெளிச்சத்தை மறைச்சது தெரியும். பொழுது சாஞ்சா மேல வருமில்லைங்களா, அப்ப நிலா, விளக்கு, படகோட அடிப்பக்கம். எங்க கம்ப்யூட்டருக்கு எல்லாப் படகும் ஒண்ணுதான். உங்களுக்கு அப்படியில்லைன்னு சொன்னாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டோம்."

உண்மைதான். கரையில் ஏற்றி வர்ணம் அடிக்கும் படகுகளைச் சுற்றி ஓடி விளையாடி வளர்ந்தவர்களுக்கு எந்தப் படகின் அடியில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தெரியும்.

சீட்டு வந்த பிறகு கடலில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் அதுதான் எல்லாமாக இருந்தது. வயர்லெஸ்ஸில் யாராவது "என்ன பாடு?" என்று பிடிபட்ட மீனைப் பற்றிக் கேட்டால், மீனின் கனத்தில் படகு சாய்ந்துகொண்டிருந்தாலும் "வெறுங்கடல்" என்றுதான் பதில் வரும். எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் வடக்கே நிற்பவன் மேற்கு என்பான். கரையில் இருக்கும் பெண்டாட்டிக்கும் இந்தப் பாடம் உண்டு. கேட்கிறவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூட யாரும் சொன்னதில்லை.

எமரன்சியாவின் கணவன் தனிஸ்லாஸ், 'அலங்கார மாதா' படகின் சிராங்கு. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு படகை நடத்துகிற தலைவன். தெற்கே, மாலத்தீவுப் பக்கம், கடலுக்கடியில் ஒரு மேட்டை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். வாள்மீன் அங்கே வந்து கூடும். அந்த இடத்துக்கு அவன் வைத்த பெயர் 'மாமியார் வீடு'. போனால் வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பமாட்டார்களாம்.

"எங்க அம்மா உயிரோட இருக்கச்ச ஒரு நாள் போயிருக்கீரா? செத்த பொறவு என்ன மாமியார் வீடு?" என்று எமரன்சியா கேலி செய்வாள்.

"யாராவது கேட்டா லட்சத்தீவுல கல்பேனிக்கு மேக்கன்னு சொல்லு" என்பான் அவன், சாரத்தை மடித்துக் கட்டியபடி.

ஆறு வருஷத்துக்கு முன் அக்டோபரில் வந்த புயலில் 'அலங்கார மாதா' போனது போனதுதான். பதினொரு பேரில் ஒருவரின் சட்டை கூடக் கரைக்கு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாலாம் மேசைக்கு வந்தது 7714ஆம் எண் மீன். பெண் மீன், இருநூற்றுப் பத்துக் கிலோ. அதன் வாளே ஓர் ஆள் இடுப்பளவு இருந்ததாகக் கீழே வெட்டுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். எமரன்சியா பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து தகவல் வந்துவிட்டது, இந்த மீன் ஆகாது என்று. பாதரசம் அதிகம். பெரிய வாள்மீனுக்கு இதுதான் தலையெழுத்து. தின்ற மீன்களின் நஞ்சையெல்லாம் வருஷக்கணக்காக உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகாத மீனுக்குச் சீட்டு வேண்டாம். அதன் கண்ணிலிருந்து எடுத்த படங்கள் மாலை ஐந்து மணிக்குத் தானாக அழிந்துவிடும்.

அடுத்த மீன் வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் எமரன்சியா பழைய தோல்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஐந்து வருஷம், ஐந்தரை, ஆறு.

ஒரு படத்தில் கை நின்றது.

நிலா வெளிச்சத்தில் ஒரு படகின் அடி. படகு அதிகம் ஆடாமல் இருக்க அடியில் இரண்டு பக்கமும் நீளப் பலகை அடிப்பார்கள். இந்தப் படகில் இடப்பக்கப் பலகை வலப்பக்கத்தை விட ஒரு முழம் குட்டை. பின்பக்கம் சதுரமாக ஓர் ஒட்டு.

அந்தக் குட்டைப் பலகையை அவள் வெயிலில் நின்று பார்த்திருக்கிறாள். படகைக் கரையேற்றியிருந்த நாள், சோறு கொண்டுபோனபோது. "என்ன இது, ஒரு பக்கம் மட்டும் மடிச்சுக் கட்டின சாரம் மாதிரி?" என்று கேட்டாள். "மரம் தீந்துபோச்சு. வேற மரம் வர ரெண்டு நாள் ஆவும். மாமியார் காத்துக்கிட்டு இருப்பாவ" என்று சிரித்தான் தனிஸ்லாஸ்.

எமரன்சியா எழுந்துபோய் டாக்டர் சுகந்தியைக் கூட்டிவந்தாள். "இது என்னைக்குள்ள தோலு டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

சுகந்தி விரலால் எண்ணி, மறுபடி எண்ணி, "அக்டோபர் ஆறு. ஆறு வருஷத்துக்கு முந்தி" என்றாள்.

புயல் இரண்டாம் தேதி.

"அடுத்த நாளும் இதே படகு நிக்குதே டாக்டர். அதுக்கடுத்த நாளும்."

"ஓடற படகா இருக்காதுங்க. மிதந்துட்டுக் கெடக்கற எதுக்கு அடியிலயும் நிழலுக்குச் சின்ன மீன் சேரும். அதைத் திங்க இது வந்திருக்கும். படகு நீரோட்டத்துல போகப் போக இதுவும் கூடவே போயிருக்கும்." சுகந்தி படத்தைப் பெரிதாக்கினாள். "இங்க பாருங்க, ஓரத்துல விளக்கு. தண்ணிக்குப் பக்கத்துல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. விளக்கைச் சுத்தி நேரா நேரா கோடு தெரியுதே, என்னதுங்க அது?"

"தூண்டில் கயிறு."

"ஓ, மீன் பிடிச்சிருக்காங்க."

"ஆமா, தின்ன" என்றாள் எமரன்சியா.

சுகந்திக்கு விஷயம் புரியவில்லை. ஆகாத மீன்தானே, ஐந்து மணிக்கு அழிந்துவிடும், வைத்துக்கொள்ளவேண்டுமென்றால் அழிப்பதை நிறுத்திவைக்கும் படிவம் ஒன்று இருக்கிறது, காரணமும் படகு மீன்பிடித்த இடமும் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

எமரன்சியா தோல் தோலாகப் பார்த்தாள். முதல் வாரம் விளக்கைச் சுற்றி ஏழு கயிறு. பிறகு ஐந்து, அதன் பிறகு மூன்று. விளக்கு ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இருந்தது. கடைசி நாலு நாள் ஒரே ஒரு கயிறுதான். இருபத்தொன்றாம் தேதி விளக்கு எரிந்தது. இருபத்திரண்டில் இல்லை. அதற்குப் பிறகும் ஆறு நாள் வளர்பிறை வெளிச்சத்தில் படகு மட்டும் கிடந்தது, குட்டைப் பலகையோடு. பிறகு மீன் எங்கோ போய்விட்டது.

புயலுக்குப் பிறகு பத்தொன்பது நாள். தேடுவதை நிறுத்தியது ஒன்பதாம் நாள்.

இதில் தன் பங்கு என்ன என்பது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று எமரன்சியா நம்பியிருந்தாள். புயலுக்கு மறுநாள் கோயில் மண்டபத்தில் பெரிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஊர். மற்றப் படகுகளின் சிராங்குகள், முதலாளிகள், எல்லார் கண்ணும் வரைபடத்தின் மேல். "உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம்மா போனார்?" என்று ஓர் அதிகாரி கேட்டார். "கல்பேனிக்கு மேக்க" என்றாள் எமரன்சியா. நாக்குக்குப் பழகிய பதில். யோசிக்கக்கூட இல்லை. யோசித்தபோதும் என்ன தோன்றியது? புயல் அடங்கினால் மனுஷன் வந்துவிடுவான், வந்து, 'ஊர் கூடி நிற்கும்போதா மாமியார் வீட்டைக் காட்டிக்கொடுத்தாய்' என்று ஏசுவான். அதுதான் தோன்றியது. அவன் திரும்பி வருவான் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியதால்தான் அவள் பொய் சொன்னாள்.

மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மண்டபத்து வாசல் வரை போனாள். கல்பேனிப் பக்கம் போன விமானம் ஒன்றும் காணாமல் திரும்பியிருந்தது. உள்ளே பத்து வீட்டுப் பெண்கள் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே போனால் என்ன சொல்வது, உங்கள் ஆண்களைத் தேட நான் வேறு பக்கம் அனுப்பிவிட்டேன் என்றா? கால் ஏறவில்லை, திரும்பி வந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் ஓர் அதிகாரி, இந்த அளவுப் படகு முதல் ராத்திரியே மூழ்கியிருக்கும், வேறு வழியே இல்லை என்று அறிவித்தார். எமரன்சியா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் ராத்திரியே. அப்படியானால் எந்தப் பக்கம் தேடினாலும் ஒன்றுதான். ஆறு வருஷமாக அவள் படுக்கும்போது சொன்ன ஜெபம் அதுதான்.

இப்போது ஒரு மீன் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது.

மணி மூன்றரை. சும்மா இருந்தால் போதும். ஐந்து மணிக்குப் படம் போய்விடும், நாளைக்கு வேறு மீன் வரும். ஊரில் பத்து வீடும் 'முதல் ராத்திரியே' என்ற ஆறுதலோடு தூங்கும். அதைக் கெடுக்க இவள் யார்? நாலு மணி வரை எமரன்சியா இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அந்த ஒற்றைக் கயிற்றை மறுபடி ஒருமுறை தனியாகப் பார்க்க முடியாது என்று இருந்தது.

நாலேகாலுக்குக் கீழே போய், மீன் வெட்டும் கூடத்திலிருந்து பிரகாசியைக் கூப்பிட்டாள்.

பிரகாசி அந்தப் படகின் எஞ்சின் டிரைவர் இலாரியுசின் மனைவி. எமரன்சியாவை விட ஆறு வயது மூத்தவள்; இலாரியுசை அண்ணன் என்றும் இவளை மைனி என்றும் கூப்பிட்டுப் பழகியவள் எமரன்சியா. புயலுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து இருக்கை. மத்தியானம் எமரன்சியாவின் டப்பாவைத் திறந்து, "இது குழம்பா, காடித்தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத் தன் கறியில் பாதியை அதில் கொட்டுகிறவள்.

கம்பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிரகாசி வந்து நின்றாள். "என்னட்டி, முகம் வெளிறிக் கெடக்கு?"

"மைனி, இந்தப் பலகையப் பாருங்க."

பார்த்தாள். படகுக்காரர்களின் பெண்டாட்டிக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியதில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

எமரன்சியா ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள். ஏழு கயிறு, ஐந்து, மூன்று. ஒற்றைக் கயிறு வந்தபோது பிரகாசி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். நீட்டிய விரல் திரையைத் தொடவில்லை.

"எத்தன நாளு?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதா?"

"ஆமா மைனி."

"இது யாரு கயிறு?"

"தெரியல்ல."

இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான், அது தன் ஆளாக இருக்கவேண்டும் என்று. இரண்டு பேருக்கும் ஒரே பயமும் அதுதான்.

"இந்த மீனு அவங்க தூண்டில்ல வந்து கடிச்சிருக்கப்பிடாதா?" என்றாள் பிரகாசி. "காலடியிலேயே கெடந்திருக்கே சனியன். ஒரு கடி கடிச்சிருந்தா பத்து நாளு தின்னிருப்பாவளே. இத்தன வருசம் கழிச்சு எவனோ தூண்டில்ல போய்க் கடிச்சிருக்கே."

அவள் அழுது முடிக்கும் வரை எமரன்சியா காத்திருந்தாள். பிறகு சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"மைனி, அவங்க கல்பேனிக்குப் போவல்ல. தெக்க போனாவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மண்டபத்துல மாத்திச் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

எமரன்சியா நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணன் வயித்துல ஒரு வார்த்த நிக்குமா? மாமியார் வீடு, தெக்க, இத்தன மணி ஓட்டம்னு எல்லாம் எனக்குச் சொல்லியிருக்காவ. நீ சொன்னதுக்கு மறுநாளே நான் போய் அந்த ஆபீசருட்ட சொன்னேன், சார் அங்க இல்ல, தெக்க தேடுங்கன்னு. அவரு நோட்டப் புரட்டிப் பாத்தாரு. சிராங்கு பெஞ்சாதி கல்பேனின்னு சொல்லியிருக்கு, நீ எஞ்சின்காரன் பெஞ்சாதி, அவளுக்குத் தெரியாதது உனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டாரு. அங்கேருந்து நேரா உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ தரையில பேச்சுமூச்சு இல்லாம கெடந்த. மூஞ்சியில தண்ணி தெளிச்சது நான்தான்."

"பின்ன ஏன் மைனி ஒரு வார்த்த கேக்கல்ல? ஆறு வருசம்..."

"முத ராத்திரியே போயிட்டாவன்னு சொன்னாவல்லா." பிரகாசி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "செத்தவங்களத் தேட எந்தப் பக்கம் போனா என்ன? புருசனையும் குடுத்துட்டு நிக்கிறவள நானும் வேற ஏன் கொல்லணும்னு விட்டேன். அந்த ஒத்த வார்த்தைக்காவத்தான் உன்ன மன்னிச்சேன், எமரன்சி. இப்ப அந்த வார்த்தை பொய்யாப் போச்சு."

சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் பூட்ஸைப் போடும்போது கால் உள்ளே போகவில்லை. எமரன்சியா உதவிக்குப் போக ஓரடி வைத்தாள். பிரகாசி கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

மணி நாலே முக்கால்.

எமரன்சியா படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் 'இந்தப் படகில் என் வீட்டுக்காரர் இருந்தார்' என்று எழுதினாள். இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. தனிஸ்லாஸ் மாமியார் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அவளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தான், தாளில் எழுதக்கூடாது என்று. மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், வெளியே ஒரு தடவை கூட இல்லை. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். விமானம் கிளம்பும் முன் சொல்லியிருக்கவேண்டிய எண்கள். அனுப்பிவிட்டு, ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்பதுபோல நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படத்தை அழிப்பது நிறுத்திவைக்கப்பட்டது என்று திரையில் பதில் வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'இந்த இடம் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது. இன்று அங்கே மீன்பிடிக்கும் படகுகள்: 43.'

எமரன்சியா அந்த வரியை மறுபடி படித்தாள். எந்த மீனின் கண்ணிலிருந்தோ என்றைக்கோ எடுத்துப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். மாமியார் வீட்டில் இப்போது ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. எதைக் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டாளோ, அதற்கு இன்றைக்கு ஒரு செல்லாக்காசு மதிப்புக்கூட இல்லை. பதினொரு பேர். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

கம்பெனி பஸ் ஐந்தரைக்குக் கிளம்பியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பிரகாசி முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். எமரன்சியா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் டப்பாப் பையை வைத்தாள், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் யாரோ, "என்ன, மைனியும் நாத்தனாரும் சண்டையா?" என்று கேலியாகக் கேட்டார்கள்.

கோயில் வாசலில் பஸ் நின்றது. பிரகாசி முதலில் இறங்கினாள். எமரன்சியா இறங்கும் வரை தூண் பக்கத்தில் நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

"படத்த வச்சியா, விட்டுட்டியா?"

"வச்சிருக்கேன் மைனி."

"இடம்?"

"எழுதிட்டேன். சரியான இடம்."

பிரகாசி தலையை ஆட்டினாள். கடல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லா வீட்டையும் மண்டபத்துல நிக்கச் சொல்லுதேன். நீ வந்து உன் வாயால சொல்லு. நான் வருவேன். உன் பக்கத்துல நிக்க மாட்டேன். ஆனா வருவேன்."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.